வயலை இப்போது விற்க வேண்டாம்

கிளாஸ்கோ

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். தம்பி படம் எடுக்கக் கிணற்றடி வயலை விற்கச் சொல்வதாக நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிர்தான், நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. மாடிவீட்டுப் பெரியவர் மட்டும் இந்த மழையிலும் அரைக்கைச் சட்டையோடு குப்பைத்தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிறார்.

தம்பிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஆண்ட்ரூ மெக்டொனால்ட் இந்த ஊரில் பிறந்த தயாரிப்பாளர். அவருடைய தாத்தா எமெரிக் பிரெஸ்பர்கர் பேர்பெற்ற சினிமாக்காரர். அப்படியிருந்தும் இவர் படப்பிடிப்பில் எடுபிடி வேலைதான் முதலில் பார்த்தார். ஜான் ஹாட்ஜ் என்ற டாக்டர் எழுதிய கதை கையில் இருந்தது. டேனி பாயில் இயக்க, 1994இல் ‘ஷாலோ கிரேவ்’ வந்தது. செலவு சுமார் 10 லட்சம் பவுண்டு. பெரும்பணம் சேனல் 4 என்ற டிவி நிறுவனம் போட்டது; கிளாஸ்கோ திரைப்பட நிதி 1,50,000 கொடுத்தது.

கதை பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள். அதைச் செட்டாகப் போட்டால் சுவரைக் கழற்றிக் கேமரா வைக்கலாம், மழையால் வேலை நிற்காது. அப்படியும் கடைசியில் கையிருப்பு தீர்ந்து, செட் சாமான்களை விற்றுத்தான் பிலிம் வாங்கினார்கள். அதே மூவரும் சேர்ந்து 1996இல் கொண்டுவந்த ‘டிரெயின்ஸ்பாட்டிங்’ எடின்பரோ நகரத்துக் கதை. எடுத்ததோ பெரும்பாலும் கிளாஸ்கோவில். பழைய சிகரெட் தொழிற்சாலைக்குள் செட் போட்டு, 15 லட்சம் பவுண்டில், ஏழு வாரத்தில் முடித்தார்கள். ஒரே கூரைக்கடியில் பல செட் இருந்தால் லாரி வாடகையும் இடம் மாறும் நேரமும் மிச்சம். மெக்டொனால்டும் பாயிலும் பிறகு எடுத்த ‘28 டேஸ் லேட்டர்’ படத்துக்கு லண்டன் வெறிச்சோடிக் கிடக்க வேண்டும். விடியற்காலையில் கொஞ்ச நேரம் போக்குவரத்தை நிறுத்தி, சின்ன டிஜிட்டல் கேமராக்களைப் பல இடத்தில் வைத்து எடுத்தார்கள்.

தம்பி முதலில் கதையை முழுசாக எழுதி முடிக்கட்டும். பிறகு காட்சிக்குக் காட்சி இடம், பகலா இரவா, யார் யார் என்று பிரித்து ஷெட்யூல் போடட்டும். பட்ஜெட் அதிலிருந்துதான் வரும். அதன்மேல் பத்து சதவீதம் எதிர்பாராத செலவுக்கு. மொத்தப் பணத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே பூஜை. பாதிப் பணத்தில் ஆரம்பித்தால் நடுவில் நிற்கும். அப்போது கடன் கொடுப்பவர் சொல்வதுதான் வட்டி. அவனுக்குத் திறமை இருக்கிறது அப்பா, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இங்கே கறிவேப்பிலை கிடைக்கிறது, வாசனைதான் இல்லை. பொங்கலுக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். அம்மா வைக்கும் மிளகு ரசத்தை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

இந்த மாதப் பணத்தை அடுத்த மாதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன், கவலைப்பட ஒன்றுமில்லை. அத்தையின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். வயல் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அத்தைக்கும் பங்கு உண்டு. யார் நீட்டினாலும் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திர நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு சித்தப்பாவோடு தாலுகா ஆபீசுக்குப் போய் வாருங்கள். மூலப்பத்திரம் பீரோவில் இல்லையென்றால் அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் பாருங்கள்.

உங்கள் அன்பு மகள்