மரப்பாதை போட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மெரினா மணலில் பாதை வேண்டும் என்று கேட்டவர்களுக்கும், அதைப் போட்டவர்களுக்கும், இன்றும் பேணி வருகிறவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பெரும்பாலோரின் பெயர் எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். உரியவர் கைக்கு எப்படியாவது போய்ச் சேரட்டும்.

நான் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவள். முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால்கள் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில்தான் என் நடமாட்டம். எங்கள் மொட்டை மாடியில் கடற்காற்று வீசும். அமைதியான பின்னிரவுகளில் அலைச்சத்தமும் கேட்கும். ஆனால் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஆட்டோவில் உட்புறச் சாலை வரை வரலாம், அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்தால் மணல், கடைகள், மனிதத் தலைகள், அவற்றுக்கு அப்பால் ஒரு நீலக் கோடு. இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போக முன்வருவார்கள். அவர்கள் அன்பை மறக்கவில்லை. ஆனாலும் ஒருவரைத் தூக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்குக் கை வலிக்குமே என்ற நினைப்பிலேயே திரும்பிவிடத் தோன்றும். மாசி மகத்தன்று சாமிகள்கூடக் கடலாடப் புறப்படுவதை வாசலில் இருந்து பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் வழியில்லையே என்று அழுத ஆண்டுகள் உண்டு.

எங்களை மறித்து நின்ற அந்த மணல் எப்படி வந்தது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் கட்டினார்கள். நம் கரையோரமாக மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் குறுக்கே வந்ததும் தென்புறத்தில் மணல் தேங்கியது. வடபுறத்தில் மணல் வரத்து நின்று ராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. இப்போது மெரினாவின் அகலம் சில இடங்களில் 400 மீட்டரைத் தாண்டும். ஆக, இந்த மணல்வெளியே பாதி மனிதக் கைவேலைதான். மனிதர் கட்டிய ஒன்றால் கடல் தள்ளிப் போனது என்றால், மனிதர் கட்டும் இன்னொன்றால் அதை அருகில் கொண்டுவருவதில் தவறென்ன என்று அன்று தோன்றியது. அதைத்தான் நீங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

முதல் நன்றி, மனு மேல் மனுவாகக் கொடுத்த மாற்றுத்திறனாளித் தோழர்களுக்கு. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில ஆண்டுகள் தற்காலிகப் பாதை போட்டார்கள். சில நாள் இருக்கும், பிறகு பிரித்துவிடுவார்கள். அதற்கே நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நீங்கள் போகவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கடலைக் காட்டினால் போதாது, நினைத்த நாளில் போய்வர வேண்டும் என்று நின்றீர்கள். கடற்கரை என்பது சலுகை இல்லை, உரிமை என்று நீங்கள் பேசியபோது எனக்கு முதன்முறையாக நெஞ்சு நிமிர்ந்தது.

2022 நவம்பர் 27 அன்று, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே நிரந்தர மரப்பாதை திறந்தது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இரு பக்கமும் கைப்பிடி. இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே தாராளமாகப் போகலாம். திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. காலையில் தொலைக்காட்சியில் பாதையின் கடலோரப் பகுதி பெயர்ந்து கிடப்பதைக் காட்டினார்கள். இனி யார் இதைச் சரிசெய்யப் போகிறார்கள் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்கள் சரிசெய்தீர்கள். ஈர மணலில் முழங்கால் புதைய நின்று பலகைகளை மறுபடி பொருத்திய தொழிலாளர்களே, திறப்பு விழாப் படங்களில் நீங்கள் இல்லை. உங்கள் கைகளை நினைக்காமல் நான் அந்தக் கைப்பிடியைத் தொடுவதில்லை.

மணல் சும்மா இருப்பதும் இல்லை. ஒரே இரவுக் காற்றில் பலகைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டு விரற்கடை மணல் போதும், என் முன்சக்கரம் நின்றுவிடும். விடியற்காலையில் துடைப்பத்துடன் வந்து அதைத் தள்ளிவிடும் தூய்மைப் பணியாளர் அக்காமார்களே, எனக்குக் கடல் தினமும் கிடைப்பது உங்களால். பாதை போட்டது ஒருமுறை நடந்த நன்மை. நீங்கள் பெருக்குவது அன்றாடம் நடப்பது.

அந்த அன்றாடம் எனக்கு என்ன தந்திருக்கிறது என்று சொன்னால்தான் இந்த நன்றி முழுமையாகும்.

எப்போதாவது ஒருநாள் வந்தபோது கடல் எனக்கு ஒரே கடலாகத்தான் தெரிந்தது. அடிக்கடி வரத் தொடங்கிய பிறகுதான் அது நாளுக்கொன்றாக இருப்பது புரிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழைவெள்ளம் கூவத்தோடும் அடையாற்றோடும் வந்து கலந்து தண்ணீர் செம்மண் நிறமாகிவிடும். தை பிறந்து வாடை தணிந்ததும் மெல்லத் தெளியத் தொடங்கும்; மாசியில் ஒருநாள் திடீரென்று பச்சையும் நீலமுமாகப் பளிச்சென்று நிற்கும். சித்திரை வெயிலில் நகரமே வேகும்போது நண்பகலுக்கு மேல் காற்று திரும்பும். நிலம் சீக்கிரம் சூடாகி அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடல்மேல் இருக்கும் குளிர்காற்று அந்த இடத்துக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அந்த முதல் வீச்சு முகத்தில் படும்போது பாடம் நினைவுக்கு வராது. கடவுளே என்று வாய் தானாகச் சொல்லும்.

நண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மணல் நிறத்திலேயே இருக்கும் சிறு நண்டுகள், காலடிச் சத்தம் கேட்டால் வளைக்குள் மறைந்துவிடும். நடந்து போகிறவர்கள் ஓட்டைகளைத்தான் பார்க்கிறார்கள். நான் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் அவை வெளியே வருகின்றன. ஒன்று வாசலில் நின்று கண்களை உயர்த்திப் பார்க்கும், உள்ளே போய் ஒரு கை மணலை அள்ளிவந்து வெளியே வீசும், மறுபடி போகும். என் அசையாமையும் ஒரு பேறாகும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. குளிர்காலத்தில் கடற்காகங்கள் வந்து அலைமேல் மிதக்கும். ஆலாக்கள் தலைகீழாகப் பாய்ந்து மீனோடு எழும்பும். பௌர்ணமியன்று சூரியன் நமக்குப் பின்னால் கட்டடங்களுக்கு அப்பால் இறங்கும்போதே கிழக்கே கடலிலிருந்து நிலா சிவந்து எழும். கிழக்குக் கரையில் பிறந்தவர்களுக்கு மாதம் ஒருமுறை கிடைக்கும் சொத்து அது.

இதையெல்லாம் எனக்குப் பெயர் சொல்லிக் காட்டியவர் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் ஒரு பெரியம்மா. கூடை காலியானதும் சில மாலைகளில் என் பக்கத்தில் வந்து உட்காருவார். வடக்கே இருந்து வருவது வாடை, கிழக்கே இருந்து வருவது கொண்டல், தென்மேற்கே இருந்து வருவது கச்சான் என்று என் கன்னத்தைத் திருப்பித் திருப்பிக் கற்றுக்கொடுத்தார். "காத்து எங்கேயிருந்து வருதுன்னு தெரிஞ்சா என்ன மீன் வரும்னு தெரியும் கண்ணு" என்பார். பெரியம்மா, நெத்திலிக்கு நீங்கள் என்னிடம் ஒருநாளும் சரியான விலை வாங்கியதில்லை. அந்தக் கடனும் இந்த மடலில் சேரட்டும்.

1988 முதல் இந்தக் கரையில் இரவெல்லாம் நடந்து கடலாமை முட்டைகளைக் காக்கும் மாணவர்களுக்கும் என் நன்றி. மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் அந்த ஆமைகள் தை முதல் கரையேறி முட்டையிடுகின்றன. மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம் பிறக்கும் என்று உங்களில் ஒரு தம்பி என் நாற்காலிப் பக்கம் குந்தி உட்கார்ந்து பொறுமையாக விளக்கினான். 2025 சனவரியில் சென்னைக் கரைகளில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியபோது அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதன்பின்னும் நீங்கள் நடப்பதை நிறுத்தவில்லை.

மழைக்காலத்திலும் முகம் சுளிக்காமல் நாற்காலியை மடித்து ஏற்றும் ஆட்டோ அண்ணனுக்கும், நான் வரும் நேரம் தெரிந்து தேங்காய், மாங்காய் கூடுதலாகப் போட்டுச் சுண்டல் கட்டிவைக்கும் தம்பிக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வாரம் தவறாமல் பார்த்துக்கொள்கிறோம். அலையருகே போகும் அகலச் சக்கர நாற்காலியில் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் வரை தள்ளிச்சென்ற கல்லூரிப் பெண்கள் யாரென்றுதான் தெரியவில்லை. கால்விரலில் உணர்ச்சி இல்லாததால் குனிந்து கையால் நுரையைத் தொட்டேன். நீங்களும் குனிந்து என்னோடு தொட்டீர்கள். நன்றி, பெண்களே.

கடைசியாக, பாதைக்கு வரும் மற்ற அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்களும் வாருங்கள், ஆனால் சக்கர நாற்காலி வந்தால் சற்று ஒதுங்கி நில்லுங்கள்; படம் எடுக்கக் குறுக்கே கூட்டமாக உட்காராதீர்கள். பலகை பெயர்ந்திருப்பதையோ மணல் மூடியிருப்பதையோ பார்த்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு ஒரு அழைப்பு கொடுங்கள்.

நன்றியுடன்,
திருவல்லிக்கேணியிலிருந்து உங்கள் சகோதரி