மாடிக்குக் குடிவந்த மூன்று பேர்

மண்டபம்,
ஐப்பசி மழை நாள்.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிவிட்டது. "வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி தட்டிவிட வேண்டியதுதானே" என்கிறாள் வீட்டில். நாலு பக்கம் கையால் எழுதியவனுக்குக் கட்டைவிரல் படம் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. மழை நின்றதும் உட்காரலாம் என்றிருந்தேன், நிற்கிற வழியாக இல்லை. வாடைக்காற்று பிடித்துவிட்டது. வடகடல் கலங்கிப் புரள்கிறது, தென்கடல் ஊருணி மாதிரிக் கிடக்கிறது.

ஊர்ச் செய்தி சுருக்கமாக. 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் நின்ற ரயில், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபின் மறுபடி தீவுக்குள் போய்வருகிறது. கப்பல் வந்தால் நடுத்துண்டு லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறுகிறது. நல்ல வேலைதான். ஆனாலும் 1914 பாலம் இரண்டு கையையும் தூக்கி விரிக்கிற மாதிரித் திறக்குமே, எனக்கு அதுதான் பாலம். சர்க்கரை கூடியிருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சரி, உன் பேத்தி விஷயம். எம்.எஸ்சி. முடித்து, ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகையும் வாங்கிவிட்டு, "ஆராய்ச்சி வேண்டாம், கதை எழுதப் போகிறேன்" என்கிறாள், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். மாதம் 37,000 ரூபாயை வேண்டாம் என்கிற பெண்ணுக்குப் புத்தி சொல்ல நான் யார்? எம்.ஃபில்.லைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தவன். அந்தப் படிப்பையே யு.ஜி.சி. 2022இல் எடுத்துவிட்டது, ஆக இனிமேல் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. புத்தி சொல்வதற்குப் பதிலாக, எங்கள் மாடி அறைகளில் இந்த இரண்டு வருஷத்தில் குடியிருந்த மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்கும் படித்துக் காட்டு.

முதலில் வந்தவன் பவளப்பார் பையன். இன்னும் இருக்கிறான். தீவைச் சுற்றிக் கடலடியில் இருக்கிற பவளத்திட்டில், அதாவது பாரில் இறங்கி, இருபது மீட்டர் டேப்பைத் தரையோடு விரித்து, அதன் கீழே வருகிற ஒவ்வொன்றையும் அளந்து எழுதுவது அவன் வேலை. உயிருள்ள பவளம் இத்தனை சென்டிமீட்டர், செத்தது இத்தனை, பாசி மூடியது இத்தனை, மணல் இத்தனை. சித்திரை, வைகாசியில் தண்ணீர் சூடேறிவிட்டால் பவளம் தனக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். அதுதான் அதற்குச் சோறு போடுவது, நிறம் கொடுப்பதும் அதுதான். அது போனபின் வெள்ளை எலும்பு. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் போச்சு. 1998, 2010, 2016 மூன்று வருஷமும் இந்தக் கடலுக்குப் பெரிய அடி. இதெல்லாம் நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியதுதான். ஆனால் அவன் ஒரு நாள் கரையேறி, பேசாமல் உட்கார்ந்து, "நேத்து கலர்ல இருந்தது சார்" என்று சொன்னபோதுதான் எனக்கே அது உறைத்தது.

நினைத்த நாளில் இறங்க முடியாது, மாப்பிள்ளை. மன்னார் வளைகுடாவின் 21 தீவும் 1986இலிருந்து தேசியப் பூங்கா. அனுமதிக் கடிதம் வர வேண்டும், வந்தால் காற்று அனுமதிக்க வேண்டும், இரண்டும் கூடினால் படகுக்கு டீசல் காசு வேண்டும். உதவித்தொகை மாதாமாதம் வரும் என்று நினைத்துவிடாதே. ஐந்து மாதம் சேர்ந்து ஒரே நாளில் வந்ததும் உண்டு. அதுவரை வாடகையை நான் கேட்கவில்லை, சாப்பாட்டை என் வீட்டுக்காரி நிறுத்தவில்லை.

இரண்டாவது, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். வரலாறு. சங்கு குளித்தலும் முத்துக் குளித்தலும் அவள் பொருள். கீழக்கரையில் வீடு வீடாகப் போய் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் ஏடும் பழைய கணக்குப் பேரேடும் இருக்கிறதா என்று கேட்டு, செல்லரித்ததையெல்லாம் முறத்தில் வாங்குகிற மாதிரி வாங்கிப் படம் எடுத்தாள். படிப்பாளி. ஆனால் எழுதுவது மட்டும் யாருக்கும் புரியக் கூடாது என்று சபதம் போட்டவள் மாதிரி எழுதுவாள். "சொல்லாடல்" என்ற சொல் ஒரு பக்கத்தில் ஒன்பது தடவை வந்தது, எண்ணினேன். உன் சிஷ்யப் பிள்ளைகள் யாராவது கெடுத்திருப்பார்கள்.

அவளும் பையனும் ராத்திரிச் சாப்பாட்டில் சண்டை போடுவதைக் கேட்க வேண்டும். ஒரு நாள் வலம்புரிச் சங்கு. விலங்கியல் இடச்சுழி என்று குறிக்கிற சங்கைத்தான் நம் ஆட்கள் வலம்புரி என்கிறார்கள், பிடித்துப் பார்க்கிற விதம் வேறு என்று நான் சும்மா எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான், இட்லி ஆறிப்போனது. "அப்ப ஊர் சொல்றது தப்பா?" என்கிறாள் அவள். "தப்பு இல்ல, ஆனா எந்தப் பக்கம் பிடிச்சீங்கன்னு எழுதணும்" என்கிறான் அவன். சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றி ஒரு நூலே எழுதினார். உயிரினம், குளித்துறை, வங்காளத்து வளையல் வியாபாரம், சாமி காரியம் எல்லாம் அதில் உண்டு. அந்தக் காலத்தில் ஒரே ஆள் பார்த்த வேலையை இப்போது இரண்டு துறை, இரண்டு கைடு, இரண்டு வைவா என்று பிரித்துக்கொண்டு, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் சந்திக்கிறார்கள்.

மூன்றாவது வந்தவள் நம் ராமநாதபுரத்துப் பெண்தான். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு நாவல் எழுதுகிறாள். நாவலும், கூடவே அதைப் பற்றிய நீண்ட ஆய்வுக் கட்டுரையும் கொடுத்தால் பட்டம். "கதை எழுதினதுக்கு டாக்டர் பட்டமா" என்று நீ மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்கிறது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகம் 1922இலேயே படைப்பை ஆய்வேடாக ஏற்றுக்கொள்கிறோம் என்று அறிவித்துவிட்டதாம். நூறு வருஷம் தாண்டியாகிறது. நம் தமிழ்த் துறைகளில் கதையைப் பற்றித்தான் பட்டம் வாங்குகிறோம், கதைக்கு அல்ல. உன் ஆய்வேட்டை உன் நெறியாளரும் பிழை திருத்திய நானும் தவிர வேறு யாராவது முழுசாகப் படித்தார்களா, சொல்லு பார்ப்போம்.

இந்த மூன்று பேரும் வேறு வேறு காரணத்துக்காக ஒரே ஆளிடம் போய் உட்கார்ந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம். எங்கள் தெருக்கோடியில் பாசி எடுக்கப் போகிற அக்கா ஒன்று உண்டு. விரலில் துணிச் சுற்று, கண்ணில் கண்ணாடி, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி வருவாள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இறங்குவது என்று பெண்களே வைத்துக்கொண்ட கணக்கு. பாசியும் வளர வேண்டுமே.

பையன் போனது, "சமூகப் பொருளாதார அத்தியாயம் ஒன்றும் இருந்தால் நல்லது" என்று அவன் கைடு சொன்னதற்காக. கேள்வித்தாளோடு போனான். அவன் ஆய்வில் பதில் சொன்னவர்கள் வரிசையில் அக்கா ஆர்-14. வரலாற்றுப் பெண்ணுக்கு, சங்கு குளித்த அக்காவின் அப்பாவைப் பற்றிய ஞாபகம் வேண்டியிருந்தது. அதில் அவள் "தகவலாளர் 3, பெண், 58". நாவல்காரிக்கு முங்கும்போது காது எப்படி வலிக்கும் என்று தெரிய வேண்டியிருந்தது. நாவலில் அவளுக்கு வேறு பெயர், ஏழாம் அத்தியாயத்தில் கடலோடு போய்விடுகிறாள். மூன்று பேரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். "வங்கியில லோன் கேட்டாக்கூட இத்தன கையெழுத்து இல்ல சாரு" என்றாள் அக்கா என்னிடம்.

அந்த மரிக்கொழுந்திலிருந்துதான் அகர் காய்ச்சுகிறார்கள், உனக்குத் தெரியுமா? மதுரைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இங்கேயிருந்து மூட்டை மூட்டையாகப் போகும். நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் கடல்பாசி என்று பாலில் செய்து கொடுப்பார்களே, வழுக்கிக்கொண்டு போகுமே, அதே சரக்கு. ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கிற தட்டில் இருப்பதும் அகர்தான். முதலில் அதற்கு ஜெலட்டின் ஊற்றினார்கள், வெயிலில் உருகித் தொலைந்தது. 1881இல் ஃபேனி ஹெஸ்ஸே என்ற அம்மா, சமையலறையில் தான் பயன்படுத்துகிற அகரை ஊற்றிப் பாருங்கள் என்று தன் கணவரிடம் சொன்னாள். கணவர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். அந்த வருஷத்திலிருந்து உலகத்தில் கிருமி ஆராய்ச்சி செய்த பிள்ளைகள் எல்லாம் ஏதோ ஒரு கரையில் யாரோ பிடுங்கிய பாசியின் மேல்தான் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். பையனிடம் இதைச் சொன்னேன். மறுநாள் போய், கேள்வித்தாளில் இல்லாத கேள்விகளாகக் கேட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது நாவல்காரியின் விஷயம். அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் மொட்டைமாடியில் பாய் விரித்து, எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். அக்காவும் வந்திருந்தாள். தான் சாகிற இடம் வந்தபோது, "என்னயக் கொன்னுபுட்டியேடி பாவி" என்று சிரித்தாள். அதற்கு அவளுக்குக் கோபமில்லை. கோபம் வந்தது வேறு இடத்தில். மார்கழி மாதம், கச்சான் காற்று அடிக்கிறது, படகு வடகடலில் போகிறது என்று எழுதியிருந்தாள் நாவல்காரி. "மார்கழியில ஏதுடி கச்சான்? அது ஆடிக் காத்துல்ல. மார்கழியில வாடை. வாடையில அந்தச் சின்ன வத்தைய வடகடல்ல எவன் எறக்குவான்?" சின்னப் பிழை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் காற்றை மாற்றினால் கடல் மாறுகிறது, கடல் மாறினால் படகு கிளம்பும் கரை மாறுகிறது, கரை மாறினால் கதையில் அண்ணன் தன் தங்கச்சியைப் பார்க்கவே வழியில்லை. மூன்று மாதத்து எழுத்து சரிந்து விழுந்தது. அந்தப் பெண் ராத்திரி அழுதாள். காலையில் காபியைக் குடித்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுத் திண்ணைக்குப் போனாள். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு இன்னும் ஒரு மாதம் இருந்தாள்.

அதனால்தான், பேத்தி கதை எழுதப் போகிறாளா, ஆராய்ச்சிக்குப் போகிறாளா என்பதில் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. தப்பு என்று சொல்ல வருகிற ஆள் உட்கார அவளிடம் பாய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். வரலாற்றுப் பெண் எழுதியதை மட்டும் யாரும் திருத்தவில்லை. கீழக்கரைப் பெரியவர்களிடம் அவள் படித்துக் காட்டியிருந்தாலும் "நல்லாருக்கும்மா" என்று எழுந்து போயிருப்பார்கள். பாவம், அவள் சேர்த்தது மூன்று பேரில் மிகப் பெரிது.

இப்போது, இந்தக் கடிதத்தை இத்தனை நாள் தள்ளிப்போட்ட உண்மையான காரணம்.

உன் கடிதத்தின் கடைசியில், என் தகரப்பெட்டி இன்னும் உன் பரணில் இருக்கிறது, தூக்கிப் போடவா என்று கேட்டிருந்தாய். 1982இல் விடுதியைவிட்டு ஒரு பையோடு கிளம்பியபோது உன்னிடம் விட்டது. அதில் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கும். கயிற்றில் ஒரு மீட்டர் சதுரம் கட்டி, பதினோரு மாதம், மாதம் நாற்பது சதுரம், இந்தக் கரைப் பாரில் பவளமும் கடலட்டையும் எண்ணி எழுதியது. அப்போது கரையிலேயே டிரம்மில் அட்டையை அவித்துக் காயப்போடுவார்கள், யாரும் தடுக்கவில்லை. அட்டை பிடிக்கத் தடை வந்தது 2001இல்தானே. அந்த எண்ணிக்கையில் முதல் ஆறு மாதத்தை என் கைடு தன் பெயரில் கட்டுரையாகப் போட்டுக்கொண்டார், என் பெயர் இல்லை. கேட்டேன், கத்தினேன், வந்துவிட்டேன். உனக்குத் தெரிந்த கதைதான். அதன்பிறகு அந்த நோட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

போன மாதம் பையன் கேட்டான்: "98க்கு முன்னாடி இந்தப் பாரை யாரும் எண்ணி வைக்கலியா சார்?" டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995இல் எழுதியதைச் சொன்னான். ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த கடலையே முழுக் கடல் என்று நினைத்துக்கொள்ளும், அதற்குள் குறைந்ததைத்தான் குறைச்சலாகக் கணக்குப் போடும் என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் சொன்னேன். அவன் டேப்பில் அளக்கிறான், நான் சதுரத்தில் எண்ணினேன், நேராக ஒப்பிட முடியாதாம். ஆனாலும் எந்தெந்த இனம் எங்கெங்கே இருந்தது என்பதே போதும் என்கிறான். கண்ணை அகல விரித்துக்கொண்டு என்னையே சுற்றிச் சுற்றி வருகிறான். இந்த வயதில் இது என்ன கூத்து என்று இவள் சிரிக்கிறாள்.

ஆகவே பெட்டியைப் போட்டுவிடாதே. நோட்டை மட்டும் எடுத்து, பாலிதீனில் சுற்றிப் பேத்தியிடம் கொடுத்தனுப்பு. தை மாதம் இங்கே நல்ல காலநிலை, வாடையும் தணியும். நாவல்காரி இருந்த அறை காலியாகத்தான் இருக்கிறது, எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். கூரியரில் போட்டுவிடாதே, எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. அந்த நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் கொடுத்தனுப்பினால் நல்லது. மாசக் கடைசியில் காகிதம் வாங்கக் காசில்லாமல் நீ கவிதை எழுதிய பக்கங்கள் அதில்தான் இருக்கின்றன, பதினேழோ பதினெட்டோ. பையன் முழு நோட்டையும் ஸ்கேன் செய்யப் போகிறான். இப்போதே சொல்லிவிட்டேன்.

உன் பழைய அறைத்தோழன்