ஆகஸ்ட் 31-க்குள் போய்ச் சேருங்கள்

கோத்தகிரி,
18 ஜனவரி 2026

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளை ஊரான இங்கிலாந்தின் நியூகாசிலுக்கே குடிபோவது என்று முடிவாகிவிட்டது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

முதலில் தேதி. பாப்பா பத்தாவதை ஊட்டியிலேயே முடிக்கட்டும், 2027-ல் போகலாம் என்கிறாய். போர்டு சான்றிதழ் கையில் இருக்கும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் கொஞ்சம் தள்ளிப்போனாலும் கல்லூரிக் கட்டணத்தில் மாட்டிக்கொள்வாய் கண்ணு. இங்கிலாந்தில் உள்நாட்டுக் கட்டணம் கிடைக்க பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் போதாது. கல்லூரி தொடங்கும் வருஷம் செப்டம்பர் 1-க்கு முன்னால் முழுதாக மூன்று வருஷம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். அரசு கல்விக் கடனுக்கும் இதே கணக்குதான். பாப்பா 2011 நவம்பரில் பிறந்தவள், அங்கே 2030 செப்டம்பரில் கல்லூரிக்குப் போவாள். இந்த ஆகஸ்ட் 31-க்குள் போய்விட்டால் நான்கு வருஷம் ஆகிவிடும், பயமில்லை. அடுத்த வருஷம் போனால் சரியாக மூன்றுதான், ஆகஸ்ட் 31 தாண்டிவிட்டால் அதுவும் நிரம்பாது. 2025-26-ல் உள்நாட்டு மாணவருக்கு உச்சக் கட்டணம் 9,535 பவுண்டு. வெளிநாட்டு மாணவர் என்று எழுதிவிட்டால் பல படிப்புகளுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

படிப்புக்கும் இதுதான் தோதான நேரம். அங்கே பத்தாம் வருஷமும் பதினொன்றாம் வருஷமும் சேர்ந்து ஜிசிஎஸ்இ என்ற ஒரே படிப்பு, பரீட்சை கடைசியில். செப்டம்பரில் எல்லோரோடும் சேர்ந்து தொடங்கினால் சிரமமில்லை. ஜனவரியில் நுழையும் பிள்ளைக்குத்தான் கஷ்டம். விருப்பப்பாட வகுப்புகள் நிரம்பியிருக்கும், இலக்கியத்தில் பாதி நாடகம் நடத்தி முடித்திருப்பார்கள். அரசுப் பள்ளிக்கு மனு நகராட்சி மன்றத்தில் போட வேண்டும், வீட்டு வாடகை ஒப்பந்தம் போல முகவரி ஆதாரம் கேட்பார்கள். ஜூலை மூன்றாம் வாரத்தோடு பள்ளிகள் மூடிவிடும், ஆகஸ்டில் பேச ஆள் கிடைக்காது. ஜூனிலேயே மனு போய்விட வேண்டும். கேட்ட பள்ளி கிடைக்கும் என்று பாப்பாவிடம் சொல்லி வைக்காதே, இடம் இருக்கிற பள்ளியைத்தான் தருவார்கள்.

கணக்கில் அவளுக்குப் பயமில்லை. ஆனால் அங்கே மூன்று கணக்குத் தாள்களில் இரண்டுக்குக் கால்குலேட்டர் உண்டு. இவள் கையால் போட்டே பழகியவள். ஒரு சயன்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கிக் கொடு, ஏப்ரல் மே லீவில் இங்கே வரும்போது பழகட்டும். ஆங்கிலத்தில் முன்பின் பார்க்காத பத்தியைக் கொடுத்து, எழுதியவர் அந்தச் சொல்லை ஏன் போட்டார் என்று கேட்பார்கள். மனப்பாடம் உதவாது. கான்வென்ட் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறாள், ஆனாலும் நியூகாசிலின் வட்டார வழக்கான ஜியார்டி பேச்சு முதல் மாதம் காதில் ஏறாது. அது அவள் குறையில்லை என்று இப்போதே சொல்லி வை.

மாப்பிள்ளை அங்கேயே பிரிட்டிஷ் குடிமகனாகப் பிறந்தவர் என்பதால் பாப்பாவுக்கு விசா வேண்டாம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தான் எடுக்க வேண்டும். குன்னூர் நகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ், இந்தியப் பாஸ்போர்ட், மார்க் ஷீட் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா பார். நம் இனிஷியல்தான் வில்லங்கம். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அதன் விரிவு, மூன்றாவதில் துணைப்பெயர் காலி என்றிருந்தால் மனு நின்றுவிடும். திருத்தத்தை இந்த மாதமே தொடங்கு. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. புதுப் பாஸ்போர்ட்டில் இந்திய விசாவும் இருக்காது, ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்கள். வெளியேறும் அனுமதி, ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இரண்டையும் உங்கள் பகுதி எஃப்ஆர்ஆர்ஓவில் (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே டிக்கெட் போடு.

உன் விசாதான் இழுக்கும். மாப்பிள்ளைக்கு வருஷம் 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். இருவரும் சேர்ந்து இங்கிருந்து போவதால், ஊர் திரும்பிய மூன்று மாதத்துக்குள் தொடங்கும் வேலைக்கான கடிதமும் வேண்டும். வருமானம் காட்ட முடியாவிட்டால் 88,500 பவுண்டு சேமிப்பு ஆறு மாதம் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். டிபி (காசநோய்) இல்லை என்ற சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், மிக முந்தி எடுத்துவிடாதே. மருத்துவக் கட்டணம் 33 மாதத்துக்கு 3,105 பவுண்டு. முடிவு வர 12 வாரம் வரை ஆகும், அதனால் ஏப்ரலில் மனு போட வேண்டும். தாமதமானால் அப்பாவும் மகளும் முன்னால் போகட்டும். அவளுடைய படிப்பு உனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கோத்தகிரிக் குளிரில் வளர்ந்தவள் என்று அசட்டையாக இருக்காதே. இங்கே டிசம்பர் உறைபனி ஒன்பது மணி வெயிலில் உருகிவிடும். அங்கே விடியவே எட்டரை ஆகும், மூணே முக்காலுக்குள் சூரியன் அஸ்தமித்துவிடும். பிள்ளைகள் வாடிப்போவது இருட்டில்தான். நம் நிறத்துக்கு வருஷம் முழுக்க தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஊட்டி ஸ்வெட்டர் இரண்டு போதும், மழைத் தண்ணீர் இறங்காத கோட்டு ஒன்றை அங்கே போய் வாங்கு. தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வை.

மார்ச் கடைசியில் பள்ளிக்குப் போய், மூன்று வருஷ மார்க் ஷீட், டி.சி., என்னென்ன பாடம் படித்தாள் என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்ட ஆங்கிலக் கடிதம் எல்லாம் வாங்கி வைக்கிறேன். பெற்றோர் கையெழுத்தில்லாமல் தரமாட்டார்கள். ஒரு கடிதம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு மார்ச் 15-க்குள் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா