கடைசி நாளை மெயிலில் சொல்லுங்கள்

பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் கல்வித்துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் நான். எங்களுக்குத் தகவல் எத்தனை வழியில் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். பள்ளி மெயில், மூன்று வாட்ஸ்அப் குழுக்கள், அப்புறம் நேரங்கெட்ட நேரத்தில் போன்.

போன ஆண்டு என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வுக்கு எங்கள் பிள்ளை ஒருத்தி மாதக்கணக்கில் படித்தாள். பழைய வினாத்தாள்களை எல்லாம் போட்டுப் பார்த்தாள். விண்ணப்பம் பதிவேற்றக் கடைசி நாள் எது என்ற தகவல் மெயிலில் வரவில்லை. ஒரு குழுவில் மட்டும், இரவு ஒன்பதரைக்கு, பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில் வந்திருக்கிறது. மலையில் அந்த வாரம் சிக்னல் இல்லை. அரூருக்கு இறங்கியபோதுதான் பார்த்தேன். நாள் முடிந்திருந்தது.

“அடுத்த வருஷம் எழுதலாமா சார்?” என்று கேட்டாள். அது எட்டாம் வகுப்புக்கு மட்டுமான தேர்வு. தேர்ச்சி பெற்றுத் தேர்வாகியிருந்தால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைத்திருக்கும். அவள் அப்பா திருப்பூரில் கூலி வேலை பார்க்கிறார். அந்த வீட்டில் 48,000 ரூபாய் என்றால் பெண்ணின் படிப்பை நிறுத்தாமல் இருக்க ஒரு காரணம். அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து ஒரு நீள நோட்டு போட்டிருக்கிறேன். மாலை நான்கரைக்கு எல்லாக் குழுக்களையும் மெயிலையும் பார்த்து, வந்த நாள், செய்ய வேண்டியது, கடைசி நாள் என்று எழுதி, முடிந்ததை அடித்துவிடுகிறேன். உங்கள் அலுவலகங்களில் தன்பதிவேடு இருக்கிறதே, அதே முறைதான். வந்த தபாலுக்கு எண் போட்டு, நடவடிக்கை முடியும்வரை கணக்கில் வைத்திருக்கும் பழக்கம் உங்களுடையது. அதை ஏன் பள்ளிக்கு அனுப்பும் தகவலில் மட்டும் கைவிட்டீர்கள்?

கேட்பது ஒன்றுதான். எந்த உத்தரவும் மெயிலில் வரட்டும், தலைப்பிலேயே பொருளும் கடைசி நாளும் இருக்கட்டும். எல்லாச் சுற்றறிக்கைத் தலைப்பிலும் ஒரு பொதுச் சொல் இருந்தால், ஜிமெயிலில் ஒருமுறை ஃபில்டர் போட்டுவிட்டால் போதும், அது தானாகத் தனி லேபிளில் சேர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் “மெயில் பாருங்கள்” என்று ஒரு வரி போதும். குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி வைக்கவும் வசதி இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் “மிக மிக அவசரம்” என்று போடுவதையும் நிறுத்த வேண்டும். மரக்கன்று நட்ட போட்டோவுக்கும் அதே சொல், மாணவியின் உதவித்தொகைக்கும் அதே சொல். எதை முதலில் எடுப்பது? பாடம் நடத்தும் ஆசிரியரைப் பாதியில் நிறுத்தி போட்டோ எடுக்கச் சொல்லும் நிலைக்கு எங்களைத் தள்ளுகிறீர்கள். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு என் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஏழு பேர். அவர்களுக்கான தேர்வு அறிவிப்பையாவது மெயிலில், கடைசி நாளைத் தலைப்பில் போட்டு, ஒரு வாரம் முன்னதாக அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலைப்பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர்