அனிமே பார்க்கட்டுமே

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் சுங்கை சிப்புட்டில் பிள்ளைகள் அமெரிக்க கார்ட்டூனை விட்டு அனிமே எனப்படும் ஜப்பானிய கார்ட்டூன் பக்கம் போய்விட்டதாகப் பெற்றோர் சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. 1995இல் 'டாய் ஸ்டோரி'யை முழுக்கக் கணினியிலேயே உருவாக்கிய அமெரிக்கர்களின் தொழில்நுட்பம் பெரியதுதான், சரி. ஆனால் ஜப்பானிய இயக்குநர் மியாசாக்கியின் 'மை நெய்பர் டோட்டோரோ' படத்தில் கொட்டும் மழையில் இரண்டு சிறுமிகள் அப்பா வரும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பார்கள். கதை துளியும் அவசரப்படாது. அந்த நிதானம்தான் பிள்ளைகளை இழுக்கிறது என்று நம்புகிறேன். அவருடைய 'ஸ்பிரிட்டட் அவே' 2003இல் ஆஸ்கார் வாங்கியது சும்மா இல்லை. எல்லா அனிமேவும் சிறுவர்களுக்கானதல்ல, வயது வரம்பைப் பெற்றோர் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்புறம், நல்ல படங்களைத் தமிழ்க் குரலில் தொலைக்காட்சியில் போடுங்கள். தோட்டத்துப் பாட்டிகளும் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பார்கள்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்