ஹாலோவீன் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள மகளுக்கு,

ஸ்தோத்திரம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். அக்டோபர் 31 ஹாலோவீன் அன்று சின்னவனை வேஷம் போட்டு மற்ற பிள்ளைகளோடு வீடு வீடாக மிட்டாய் வாங்க அனுப்பலாமா, நம் விசுவாசத்துக்கு அது சரியா என்று கேட்டிருந்தாய். போனில் ஆரம்பித்தால் பேச்சு வேறெங்காவது போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அந்த நாள் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உன்னோடு அமெரிக்காவில் இருந்தபோது அக்டோபர் முழுக்க வீட்டுக்கு வீடு புல்தரையில் தெர்மோகோல் கல்லறைகளை நட்டு வைத்திருந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அப்பாவை அடக்கம் பண்ணி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாலையில் நடக்கப் போகும்போது அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போவேன். வைத்தவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர்களுக்கு அது விளையாட்டு. ஆனால் மரித்தவர்களை வைத்து விளையாட என்னால் முடியாது. இதற்கு நான் வசனம் காட்டப் போவதில்லை. இது என் துக்கம், அவ்வளவுதான். என் துக்கத்தை உன் பிள்ளைக்குச் சட்டமாக ஆக்கவும் மாட்டேன்.

வேதம் என்ன சொல்கிறது என்பது வேறு விஷயம். உபாகமம் 18ஆம் அதிகாரம் சூனியத்தையும், செத்தவர்களிடத்தில் குறிகேட்பதையும் ஒளிவுமறைவு இல்லாமல் விலக்குகிறது. சவுல் ராஜா எந்தோர் என்ற ஊருக்குப் போய், செத்தவர்களை எழுப்பிக் குறி சொல்லும் அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீயிடம் நின்றதை நீ ஞாயிறு பள்ளியிலேயே படித்திருக்கிறாய். அதனால் ஆவியைக் கூப்பிடுகிறோம், பலகையில் கேள்வி கேட்கிறோம் என்கிற விளையாட்டெல்லாம் அவன் எந்த வயதுக்கு வந்தாலும் வேண்டாம். இதில் நான் இறங்கி வரமாட்டேன். ஆனால் ஒரு குழந்தை தேனீ வேஷம் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது குறிகேட்பது ஆகாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் வசனத்தில் இல்லாததைச் சேர்க்கிறார்கள்.

சாத்தானின் பிறந்தநாள் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அதையும் நம்பாதே. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்ட் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது ஒரு பண்டிகை வைத்திருந்தார்கள். அந்த இரவில் ஆவிகள் நடமாடும் என்ற நம்பிக்கை இருந்தது உண்மைதான். ஆனால் ஹாலோவீன் என்ற பெயர் சபையிலிருந்து வந்தது. நவம்பர் 1 சகல பரிசுத்தவான்களின் நாள், அதற்கு முந்தின மாலைதான் இது. மறுநாள் நவம்பர் 2 கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். அந்தக் காலத்தில் இங்கிலாந்து ஏழைகள் இந்த நாட்களில் வீடு வீடாகப் போய், அந்தந்த வீட்டில் மரித்தவர்களுக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லிச் சின்னக் கேக் வாங்கிக்கொள்வார்களாம். பூசணிக்காய் விளக்கும் ஒரு பழைய வழக்கத்திலிருந்து வந்ததுதான். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகு பூசணியில் செய்தார்கள். வெறும் மிட்டாய் நாள்தானே என்பவர்களும் சரி, முழுக்கப் பிசாசுடையது என்பவர்களும் சரி, பாதியைத்தான் சொல்கிறார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? ரோமர் 14ஐ எடுத்து நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து வாசியுங்கள். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறான், "அவனவன் தன்தன் மனதிலே முழுநிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்கிறார் பவுல். அந்த முழுநிச்சயம்தான் எனக்கு முக்கியம். சபையில் யாராவது ஏதாவது சொல்வார்களே என்று அவனை வீட்டில் வைக்காதே. பள்ளியில் ஒதுக்கிவிடுவார்களோ என்று அனுப்பவும் செய்யாதே. பயத்தில் எடுத்த முடிவு அடுத்த வருடம் வேறு பயத்தில் மாறிவிடும்.

அனுப்புவதானால் ரத்தம், எலும்புக்கூடு எதுவும் வேண்டாம். சீக்கிரம் இருட்டிவிடும், வெளிச்சமான நிறத்தில் உடுத்திவிட்டு நீங்களும் கூடவே நடங்கள். அனுப்பாவிட்டால் அது பேய் நாள் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதே. அவன் இருட்டுக்கும் பயப்படுவான், வேஷம் போட்ட நண்பர்களையும் கெட்டவர்கள் என்று நினைப்பான். 1517இல் அதே அக்டோபர் 31இல்தான் மார்ட்டின் லுத்தர் அன்றைய சபையின் தவறுகளை எதிர்த்து 95 வாக்கியங்களை வெளியிட்டார், அந்தக் கதையைச் சொல்லிக் கொடுக்கலாம். சபை வளாகத்தில் கார் டிக்கியைத் திறந்து வைத்து மிட்டாய் கொடுக்கும் அறுவடை விழாவைப் பற்றியும் கேட்டிருந்தாய். வேஷமும் அதேதான், மிட்டாயும் அதேதான், இருந்தாலும் ரோட்டில் வண்டி பயம் இல்லை. போவதில் தப்பில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கொண்டாடினாலும் கொண்டாடாவிட்டாலும் அன்று வாசல் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்காராதே. விளக்கு எரியாத வீட்டைப் பிள்ளைகள் தட்டமாட்டார்கள். வருடம் முழுக்க முகம் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்று ஒருநாள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உன் வாசலுக்கு வருகிறார்கள். நின்று பெயர் கேள். சுவிசேஷத் துண்டுப் பிரசுரத்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதே, பையை நீட்டுகிற குழந்தைக்கு மிட்டாய் கொடு. சில பிள்ளைகளுக்கு வேர்க்கடலை, பால் ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்காக பென்சில், ஸ்டிக்கர் மாதிரி ஏதாவது தனியாக வை. அப்படி வைத்திருக்கும் வீட்டில் நீலப்பச்சை நிறப் பூசணி வைப்பார்கள், நீயும் ஒன்று வைக்கலாம்.

மாப்பிள்ளையின் மனதில் என்ன இருக்கிறது என்றும் கேள், அவர் வாய் திறந்து சொல்கிற ஆள் இல்லை. சின்னவன் வேஷம் போட்டால் போட்டோ அனுப்பு. அம்மாவுக்குப் பிடிக்காதே என்று அனுப்பாமல் இருந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா