வீட்டை விற்பதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

வீட்டை விற்றுவிட்டு டொரொண்டோவுக்கே வந்துவிடுங்கள் என்று நீயும் மருமகனும் சொல்வது சரிதான். அம்மாவால் இனி இந்தப் படிகளில் ஏறி இறங்க முடியாது. முகவரிடமும் பேசிவிட்டேன். ஆனால் ஒரு வேலையை முடிக்காமல் சாவியை யாரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை. "அப்பா ஏன் எந்நேரமும் ஆவணக் காப்பகத்திலேயே இருக்கிறார்?" என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இங்கிலாந்தில், பெட்ஃபோர்டில் நாம் இருக்கும் இந்த வீட்டில் நமக்கு முன்னால் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விற்பனைக்காகக் கடதாசிகளைக் கிளறியபோது, வீடு வாங்கிய காலத்தில் சொலிசிட்டர் தந்த பழைய உறுதிக் கட்டு, அதாவது காணிப் பத்திரங்கள், அகப்பட்டது. காணிப் பதிவகத்தில் பதிந்துவிட்டால் பழைய உறுதிகளுக்கு இந்த நாட்டில் பெரிய தேவை இல்லை. எத்தனையோ வீடுகளின் கட்டுகள் அப்படியே குப்பைக்குப் போயிருக்கின்றன. நமது தப்பியிருக்கிறது. முதல் உறுதி 1880-களில் எழுதியது. வயலாகக் கிடந்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றிருக்கிறார்கள். இங்கே மதுக்கடை வைக்கக் கூடாது, இத்தனை பவுணுக்குக் குறைந்த வீடு கட்டக் கூடாது என்று நிபந்தனை வேறு. அதாவது, வசதியான குடும்பங்கள் வரும் என்று எதிர்பார்த்தே கட்டியிருக்கிறார்கள். யார் அவர்கள், எதற்காக பெட்ஃபோர்டுக்கு வரவேண்டும்?

காரணம் நீ படித்த பள்ளிக்கூடம்தான் மகள். இந்த ஊரில் பிறந்து லண்டனுக்குப் போய் லார்ட் மேயரான சேர் வில்லியம் ஹார்பர், 1566-இல் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்காக லண்டன் ஹோபர்ன் பக்கத்தில் 13 ஏக்கர் நிலத்தை எழுதி வைத்தார். அன்றைக்கு அது வெறும் புல்தரை. லண்டன் பெருக, அந்த நிலத்தின் வருமானமும் பெருகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹார்பர் டிரஸ்டின் பள்ளிகள் இந்த ஊரில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மிகக் குறைந்த செலவில் நல்ல படிப்பைக் கொடுத்தன. செய்தி பரவியது. இந்தியாவிலிருந்து திரும்பிய இராணுவ அதிகாரிகள், கணவனை இழந்த தாய்மார், பிள்ளைகளை மட்டும் இங்கே விட்டுவிட்டுக் கடல் கடந்து வேலை பார்த்தவர்கள் என்று பலர் வந்து குவிந்தார்கள். அவர்களுக்காக எழுந்த தெருக்களில் ஒன்று நமது.

1891 குடிசன மதிப்பீட்டில் நமது வீட்டைக் கண்டுபிடித்த நேரம் நான் இருந்த இருப்பை நீ பார்த்திருக்க வேண்டும். சும்மா அகப்படவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு இலக்கம் இல்லை, பெயர்தான் இருந்தது. இலக்கம் வந்த பிறகும் இடையில் ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள். கெல்லியின் ஊர் விபரக்கொத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு தெருவின் குடித்தனங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், "இங்கே இன்ன தெரு வந்து சேருகிறது" என்று நடுவில் ஒரு வரி போடுவார்கள். அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு இங்கிட்டு எண்ணிவந்தால் நமது கதவு. உறுதியில் தேடியிருந்தால் ஏமாந்திருப்பேன். அந்தக் காலத்தில் இங்கே பெரும்பாலானோர் வாடகைக்குத்தான் இருந்தார்கள், உறுதியில் இருப்பது சொந்தக்காரன் பெயர் மட்டும்.

இருந்தது ஒரு விதவைத் தாய். நான்கு பிள்ளைகள். வேலை என்ற இடத்தில் "சொந்த வருவாயில் வாழ்பவர்" என்று இருக்கிறது. பிள்ளைகள் பிறந்த இடம்: சென்னை, பெல்லாரி, திருச்சிராப்பள்ளி. பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பதினாறு வயது வேலைக்காரப் பெண் ஒருத்தியும் அதே பக்கத்தில். உன் மேல்மாடி அறைச் சுவரில் கம்பி ஓடிய துளைகள் இருந்தனவே, ஞாபகமா? கீழே மணிக்கயிற்றை இழுத்தால் அங்கே மணி அடிக்கும். அது அந்தப் பெண்ணின் அறை. நீ உயர்தரப் பரீட்சைக்குப் படித்த அறை.

நமது நாடுகளை ஆண்டவர்களின் குடும்பம் அது. அதை மறந்துவிட்டு எழுத எனக்கு முடியாது, எழுதவும் இல்லை. ஆனாலும் நான்கு பிள்ளைகளோடு தெரியாத ஊரில் வாடகை வீடு பிடித்து, பள்ளிக்கூடத்துக்காகவே தங்கியிருந்த அந்தத் தாயை எனக்கு நன்றாக விளங்கியது. நாமும் லூட்டன் நகரில் உறவினர் பக்கத்தில் இருந்திருந்தால் வாழ்க்கை எவ்வளவோ சுலபம். பள்ளிக்கூடத்துக்காகத்தானே நானும் அம்மாவும் இங்கே வந்து ஒட்டிக்கொண்டோம்.

1911 தாள் இன்னும் நெருக்கமானது. அதற்கு முன்பெல்லாம் கணக்கெடுப்பவர் தன் புத்தகத்தில் படியெடுத்ததுதான் நமக்குக் கிடைக்கிறது. 1911-இல் வீட்டுத் தலைவர் தன் கையால் நிரப்பிய தாளே பத்திரமாக இருக்கிறது. கல்யாணமான பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று அந்த முறை கேட்டார்கள். நமது வீட்டில் அப்போது இருந்தவர் ஆலன் நிறுவனத்து இயந்திரத் தொழிற்சாலையில் வரைபடம் வரைபவர். அது 1894-இல் லண்டனிலிருந்து பெட்ஃபோர்டுக்கு வந்த தொழிற்சாலை, ஆளும் லண்டனில் பிறந்தவர்தான். ஆறு பிள்ளைகள், நான்கு பேர் மிச்சம். அந்த "2" என்ற எழுத்தில் மை கொஞ்சம் பரவியிருக்கிறது. நான் அந்தப் பக்கத்தை அன்றைக்கு மேற்கொண்டு பார்க்கவில்லை.

காப்பகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஒரு கவுண்டிக்கென்று தொடங்கிய முதல் ஆவணக் காப்பகம் நமது பெட்ஃபோர்ட்ஷயரில்தான், 1913-இல். ஹெர்பர்ட் ஃபவுலர் என்ற ஒரு விலங்கியல் அறிஞர் செய்த வேலை. பேனை கொண்டுபோகக் கூடாது, பென்சில்தான். 1925-இல் வந்த வரிமதிப்புச் சட்டப்படி அதிகாரிகள் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி எழுதிய குறிப்பேடுகள் அங்கே இருக்கின்றன. நமது வீடு: கீழே இரண்டு அறை, சமையலறை, பாத்திரம் கழுவும் இடம், மேலே நான்கு படுக்கையறை, குளியலறை இல்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அதுதான் அந்தக் குளியலறையில் எந்த மூலையும் நேராக இல்லை" என்றா.

படிப்புக்கு வந்தவர்கள் மட்டுமல்ல. ஆல்பனி ரோட்டில் மேபல் பார்ல்ட்ரோப் என்ற ஒரு குருவானவரின் விதவையைச் சுற்றி 1919-இல் பனேசியா சொசைட்டி என்ற மதச் சங்கம் தொடங்கியது. பின்பற்றியவர்கள் பக்கத்திலேயே வீடுகள் வாங்கிக் குடியேறினார்கள். மெசியா வந்தால் தங்குவதற்கென்று ஒரு வீட்டையே ஆயத்தமாக வைத்திருந்தார்கள். 2012 வரை அந்தச் சங்கம் இருந்தது. பிறகு அந்த இடம் அருங்காட்சியகமானது. நீ பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன வழிக்குச் சற்றுத் தள்ளி இப்படியொரு வீடு இருந்திருக்கிறது, நமக்கு யாரும் சொல்லவில்லை.

1931 குடிசன மதிப்பீடு இல்லை. 1942 டிசம்பரில் ஹேய்ஸில் வைத்திருந்த இடம் தீப்பிடித்து இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டின் ஏடுகளும் எரிந்து போயின. குண்டு விழுந்து அல்ல, விபத்து. 1981-இல் நூலகம் எரிந்தபோது நான் யாழ்ப்பாணத்தில் இருந்தவன். அது விபத்து அல்ல. ஆனாலும் இந்த வெற்றிடத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் எதுவும் எழுதாமல் இருந்தேன். அடுத்தது 1939 செப்டம்பர் 29, அடையாள அட்டைக்காக எடுத்த பதிவு. அதில் நமது வீட்டில் மூன்று வரிகளைக் கறுப்பால் மூடியிருக்கிறார்கள். பிறந்து நூறு வருடம் ஆகும் வரை, அல்லது இறந்ததற்கு அத்தாட்சி காட்டும் வரை திறக்க மாட்டார்கள். போரில் குண்டு விழும் என்று லண்டனிலிருந்து அனுப்பிய பிள்ளைகளாக இருக்கலாம். திறக்கும்போது நீ பார்.

இனி நான் கட்டாயம் எழுத வேண்டியது 1950-கள். உறுதியில் இத்தாலியப் பெயர் இருக்கிறது, ஆனால் அந்த வருடங்களின் வாக்காளர் இடாப்பில் நமது இலக்கத்துக்கு எதிரே யாருமே இல்லை. யோசித்துப் பார்த்தபின் புரிந்தது: அவர்கள் வெளிநாட்டவர், வாக்குரிமை இல்லை, ஆகவே பெயரும் இல்லை. 1951 முதல் மார்ஸ்டன் வேலி செங்கல் நிறுவனம் தெற்கு இத்தாலியிலிருந்து ஆட்களை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தது. போருக்குப் பிறகு நாடு முழுக்க வீடு கட்ட வேண்டும், சூளையின் சூட்டில் நிற்க உள்ளூரில் ஆள் இல்லை. முதலில் விடுதிகளில் இருந்தார்கள். பிறகு சேர்ந்து காசு போட்டு இப்படிப்பட்ட பழைய பெரிய வீடுகளை வாங்கி, அறைக்கு ஒரு குடும்பமாக வாழ்ந்தார்கள். 1965-இல் தங்களுக்கென்று ஒரு தேவாலயமும் கட்டினார்கள். நமது பின்வளவுத் திராட்சைக்கொடி அவர்கள் வைத்தது. இந்த வீட்டில் பிறந்த ஒருவர் இன்னும் ஊரில் இருக்கிறார். வந்து கொடியைப் பார்த்தார், அம்மாவின் தோசையும் சாப்பிட்டார். நீ இருந்த மேல்மாடி அறையில் அவருடைய குடும்பத்தில் ஐந்து பேர் படுத்தார்களாம்.

நாம் பொதுநலவாய நாட்டவர் என்பதால் இடாப்பில் உடனே ஏறிவிட்டோம். ஆனால் பெயர் மட்டும்தான் அங்கே இருக்கும். ஏன் வந்தோம் என்று எந்த ஏட்டிலும் இருக்காது. யாழ்ப்பாணத்து வீட்டின் உறுதி 1995 இடப்பெயர்வில் அப்பப்பாவின் கையை விட்டுப் போனதும், அந்த வீட்டில் யார் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்ல இன்றைக்கு ஒருவரும் இல்லாததும் உனக்குத் தெரியும். இங்கேயும் அப்படி விட்டுவிட்டு வர மாட்டேன். ஒரு படியைக் காப்பகத்தில் கொடுப்பேன், இன்னொன்றை உறுதிக் கட்டோடு வைத்து வாங்குபவரிடம் கொடுப்பேன்.

நமது பகுதியை நீயும் தம்பியும் எழுத வேண்டும். எந்த அறையில் யார், எந்த வருடம் எந்தச் சுவரை இடித்தோம், மாமா குடும்பம் வந்து எவ்வளவு காலம் தங்கியது, வாசலில் வைத்துச் சொன்ன நல்ல வார்த்தையும் கெட்ட வார்த்தையும், எல்லாம். அழகாக எழுத வேண்டாம், வருடத்தைச் சரியாகப் போடு. வருடம் நிச்சயமில்லை என்றால் எந்த வகுப்பில் படித்தாய் என்று சொன்னால் போதும், நான் கணக்குப் பார்த்துக்கொள்வேன். பழைய சமையலறை தெரிகிற படங்கள் உன்னிடம்தான் இருக்கின்றன. அவற்றை வட்ஸ்அப்பில் அனுப்பாதே, சின்னதாகிவிடும், மின்னஞ்சலில் முழு அளவில் அனுப்பு. படத்தில் நிற்பவர்கள் யார் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுது, அம்மாவுக்கு இப்போது இரண்டு பேரின் பெயர் வருகுதில்லை.

அன்புடன்,
அப்பா